ஞாயிறு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர்: 12 இஞ்சா, 15 இஞ்சா? அவசரம்

கல்யாண_டீஜே | வியாழன் இரவு 11.42

வணக்கம். ஞாயிறு மாலை ஒரு கல்யாண வரவேற்பு இருக்கிறது. போன வாரம் பாட்டு போட்ட இடத்தில் மானம் போய்விட்டது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று உடைகிறது. பேஸ் சுத்தமாக இல்லை. இருக்கிற ஜோடியைக் கொடுத்துவிட்டு 15 இஞ்ச் ஜோடி எடுக்கலாம் என்று இருக்கிறேன். 2000 வாட் போதுமா? தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். நாளைக்குள் முடிவு எடுத்தாக வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓரத்து_ஒலி | வியாழன் இரவு 11.55

எத்தனை பேர் வருகிறார்கள்? மண்டபமா, திறந்த வெளியா? இப்போது இருக்கிற ஸ்பீக்கர் எத்தனை இஞ்ச், ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) உள்ளேயே இருக்கிறதா, தனியாகவா? எவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யார் எந்த மாடலைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

பழைய_மிக்ஸர் | வெள்ளி காலை 6.20

தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் பார்த்திருந்தால் இரவே பதில் கிடைத்திருக்கும். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் வாட்டைப் பார்த்து ஸ்பீக்கர் எடுக்கிற வரைக்கும் உங்களுக்கு விடிவு கிடையாது. 1000 வாட்டை 2000 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறதோ’ என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதோடு அந்த 2000 என்பது உச்ச அளவு, ஒரு நொடிகூட நிற்காது. பார்க்க வேண்டியது அதிகபட்ச ஒலி அழுத்தம், எத்தனை டெசிபெல் என்று. அதையும் ‘உச்சம்’ என்று போட்டிருக்கிறார்களா, தொடர் அளவா என்று படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடித்தொனி | வெள்ளி காலை 7.05

15 இஞ்ச் ஜோடி எடுத்தாலும் பேஸ் குறை தீராது. சப், அதாவது பேஸ் மட்டும் தருகிற தனிப் பெட்டி, இல்லாமல் ஆட்டம் இல்லை. சின்னப் பெட்டி 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சு வாங்கும். அதை ஈடுகட்ட மிக்ஸரில் பேஸை 6 டெசிபெல் தூக்கினால் அந்த இடத்தில் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்கிற கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. ஒரே ஒரு 18 இஞ்ச் சப் சேருங்கள், மேல் ஸ்பீக்கர்களுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது போகாமல் வெட்டிவிடுங்கள். அவை பாரம் இறங்கின மாடு மாதிரி நடக்கும்.

மின்சாரம்_முதலில் | வெள்ளி காலை 7.31

எல்லோரும் ஸ்பீக்கரையே பேசுகிறீர்கள். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டீர்களா? ஜெனரேட்டரா? எவ்வளவு நீளக் கம்பி, எவ்வளவு தடிமன்? அதே பலகையில் புகை இயந்திரம் போட்டிருந்தீர்களா? அதன் சூடேற்றி மட்டும் 1000 வாட் வரை இழுக்கும், அதுவும் விட்டு விட்டு. ஒவ்வொரு முறை அது சூடாகும்போதும் மின்னழுத்தம் இறங்கும். ஸ்பீக்கர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.

தனிவண்டி | வெள்ளி காலை 8.48

நான் தனியாளாக ஓடுகிறவள், எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 12 இஞ்சில் நல்லவை 15 முதல் 18 கிலோ, 15 இஞ்ச் என்றால் 20 கிலோ வாக்கில் வரும். வீட்டில் தூக்கிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நள்ளிரவில், ஏழு மணி நேரம் நின்ற காலோடு, ஸ்டாண்டின் 35 மில்லிமீட்டர் குழாய்மேல் துளையைச் சரியாகப் பொருத்தித் தலைக்கு மேலிருந்து இறக்கும்போது அந்த நாலு கிலோ தெரியும். ஒரு முறை பெட்டி சாய்ந்து என் மணிக்கட்டு சுளுக்கியது. அன்றிலிருந்து 12 இஞ்சுக்கு மேல் போவதில்லை.

உறுதிமொழி, பேச்சு நடக்கிற இடத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். போஸ் எஸ்1 புரோ மாதிரி, 7 கிலோ அளவில் இருப்பது. பேட்டரி 11 மணி நேரம் வரை என்று நிறுவனம் சொல்கிறது, சத்தத்தைக் கூட்டினால் அது குறையும். ஒரு மைக், ஐம்பது அறுபது பேர் என்றால் போதும். ஆட்டத்துக்கு அதை நம்பாதீர்கள்.

கல்யாண_டீஜே | வெள்ளி காலை 10.15

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 200 பேர், திறந்த வெளி, புல்தரை. கடைசி வரிசை 30 மீட்டர் இருக்கும். 12 இஞ்ச் இரண்டு, ஆம்ப் உள்ளே. ஸ்டாண்ட் கொண்டுபோகவில்லை, மேஜை மேலேயே வைத்தேன். ஞாயிறும் இதே மாதிரி இடம்தான். மின்சாரம் மண்டபத்திலிருந்து கம்பி இழுத்தது, ஜெனரேட்டர் இல்லை. அப்போ 15 இஞ்ச் எடுக்கலாமா?

பழைய_மிக்ஸர் | வெள்ளி காலை 10.40

மேஜை மேல் வைத்தீர்களா! முதல் வரிசைக்காரர்களின் நெஞ்சுக்கு நேராக ஹார்ன், அதாவது மேல் ஒலிகள் வருகிற வாய். மேல் ஒலிகளை அவர்கள் உடம்பே விழுங்கிவிடும், பின்னால் போகவே போகாது. முன்னால் காதைப் பொத்தியதற்கும் பின்னால் கேட்காததற்கும் காரணம் ஒன்றேதான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் போய்விடும். 1 மீட்டரில் 126 டெசிபெல் உச்சம் தருகிற பெட்டி 32 மீட்டரில் 96 தரும். பாட்டின் சராசரி உச்சத்தைவிட 10, 12 டெசிபெல் கீழே ஓடும். ஆக கடைசி வரிசையில் 85 சொச்சம், அதுவும் பெட்டியை அதன் எல்லைவரை ஓட்டினால். இதை நீங்களே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஓரத்து_ஒலி | வெள்ளி காலை 10.58

கணக்கு சரி அண்ணா, ஆனால் அவர் கேட்ட கரகரப்பு இதில் வரவில்லை. ஸ்டாண்டில் ஏற்றினால் எட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடைகிற சத்தம் எங்கோ சிவப்பு விளக்கு எரிவதன் அறிகுறி. கல்யாண_டீஜே, ஸ்பீக்கரின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், போன வாரம் விட்ட நிலையிலேயே. எந்தக் குமிழையும் தொடாதீர்கள். குறிகை அளவு மீறி உடையும்போது எரிகிற கிளிப் விளக்கு அந்தப் பக்கம் இருந்தால் மேஜைக்கு அந்தண்டை நிற்கிற நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அடித்தொனி | வெள்ளி காலை 11.20

85 டெசிபெல் என்பது நடுத்தர ஒலிக்கு. 50 ஹெர்ட்ஸில் அந்தப் பெட்டி அங்கே என்ன தரும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். மண்டபத்தில் சுவர் பேஸைத் திருப்பித் தரும், புல்தரையில் தருவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் 15 இஞ்ச் எடுக்கச் சொல்கிறவர்கள் வெளியில் தோற்கிறார்கள்.

பழைய_மிக்ஸர் | வெள்ளி காலை 11.34

15 இஞ்ச் எடுக்கச் சொன்னது யார்? நான் இல்லை. 15 இஞ்சின் குறையே வேறு. 15 இஞ்ச், அதாவது 38 சென்டிமீட்டர் கூம்பு 900 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியை ஒரு குறுகிய கற்றையாக்கத் தொடங்கும், ஏனென்றால் அந்த அலையின் நீளமே அவ்வளவுதான். மனிதக் குரலின் முக்கியமான பகுதி அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்குப் பேச்சு மூக்கடைத்த மாதிரி கேட்கும். 12 இஞ்சில் இந்தத் தொந்தரவு 1100 ஹெர்ட்ஸுக்கு மேலேதான்.

அடித்தொனி | வெள்ளி காலை 11.50

900-க்கும் 1100-க்கும் நடுவில் ஒரு கல்யாணமே கெட்டுவிடுமா அண்ணா? ஹார்ன் எங்கே கையேற்கிறது என்பதுதான் முக்கியம். மலிவான 15 இஞ்சில் ஹார்ன் 2000-க்கு மேலேதான் வரும், அங்கே நீங்கள் சொல்வது உண்மை. நன்றாக வடிவமைத்ததில் அப்படியில்லை. நான் 15 இஞ்சில் பேச்சு போட்டிருக்கிறேன், எல்லோருக்கும் புரிந்தது.

பழைய_மிக்ஸர் | வெள்ளி மதியம் 12.06

மேடைக்கு நேராக இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ஓரத்தில் போய் நின்று கேட்டீர்களா? நான் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நான்கு மூலைக்கும் நடந்து போய்க் கேட்பேன். அது செய்யாதவரோடு இதைப் பேசிப் பயனில்லை.

அடித்தொனி | வெள்ளி மதியம் 12.11

நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன். என்னை அறியாதவன் மாதிரிப் பேச வேண்டாம்.

புதுசு_24 | வெள்ளி மதியம் 12.30

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். பின்வரிசைக்கு இன்னொரு ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இணைத்து வைத்தால் ஆகாதா? கம்பியே வேண்டாம் இல்லையா?

ஓரத்து_ஒலி | வெள்ளி மதியம் 12.52

பின்வரிசைக்குத் தனி ஸ்பீக்கர் நல்ல யோசனை, ப்ளூடூத்தில் வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் 0.15 நொடி வாக்கில் தாமதம் வரும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, ஆகவே அந்த ஸ்பீக்கர் 50 மீட்டர் தள்ளிப் போய் நின்ற மாதிரி ஆகிவிடும். நடுவில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு தாளமும் இரண்டு முறை விழும். கம்பியில் கொடுத்து, பின் ஸ்பீக்கருக்கு மீட்டருக்கு 3 மில்லிநொடி வீதம் தாமதம் வையுங்கள். முன் ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டர் என்றால் 44 வரும். அப்போது முன்னால் இருந்து வருகிற மாதிரியே கேட்கும், யாரும் காதைப் பொத்த வேண்டியிருக்காது.

தனிவண்டி | வெள்ளி மதியம் 1.15

இதை நானும் ஆதரிக்கிறேன். முன்வரிசையில் வயதானவர்கள், குழந்தைகள் உட்காருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நடக்கிற இடங்களுக்கு வைத்த வரம்பு 15 நிமிடச் சராசரிக்கு 100 டெசிபெல். பின்வரிசைக்குக் கேட்பதற்காக முன்வரிசையின் காதைக் கெடுக்கக் கூடாது. கைப்பேசியில் இருக்கிற அளவியோடு முதல் வரிசையில் நின்று பாருங்கள், தோராயமாகவாவது தெரியும்.

கல்யாண_டீஜே | வெள்ளி மாலை 4.40

படம் போட்டிருக்கிறேன். விளக்கு போதாமல் மங்கலாக இருக்கிறது. டீஜே கண்ட்ரோலரின் மாஸ்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற கம்பி எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி).

ஓரத்து_ஒலி | வெள்ளி மாலை 4.57

கிடைத்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் துளைக்குப் பக்கத்தில் நகத்தால் மட்டுமே தள்ளக்கூடிய சின்ன சுவிட்ச், வெள்ளை எழுத்து தேய்ந்திருக்கிறது. அது ‘மைக்’ பக்கம் இருக்கிறது. அடுத்த குமிழ் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. மைக்கின் சின்னக் குறிகையை எதிர்பார்த்துக் காத்திருக்கிற முன்பெருக்கியில் கண்ட்ரோலரின் முழு லைன் குறிகையை, மைக்கைவிடப் பல மடங்கு பெரியதை, ஊற்றியிருக்கிறீர்கள். மாஸ்டரை எவ்வளவு குறைத்தாலும் அது உள்ளேயே உடையும். ‘லைன்’ பக்கம் தள்ளுங்கள், குமிழை நடுவில் வையுங்கள், கண்ட்ரோலரில் பேஸை நடுவுக்குக் கொண்டுவந்து மாஸ்டர் சிவப்பைத் தொடாமல் ஓட்டுங்கள். இன்னொரு ஸ்பீக்கரையும் பாருங்கள்.

இது சரியானால் புது ஜோடி எடுக்கத் தேவையே இல்லை. உங்கள் கையில் இருக்கிற 12 இஞ்ச், 200 பேருக்கு மோசமான தேர்வு இல்லை. இரண்டு உயர ஸ்டாண்டுகள், ஹார்ன் தலைக்கு மேலே, முனை சற்றே கீழே சாய்ந்து நடுவரிசையைப் பார்க்கட்டும். பேச்சு மைக் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். மிச்சமாகிற காசில் ஞாயிறுக்கு ஒரு சப்பை வாடகைக்கு எடுங்கள்.

மின்சாரம்_முதலில் | வெள்ளி மாலை 5.20

அதே படத்தில் கீழே கம்பி உருளை தெரிகிறது, பாதிக்கு மேல் சுற்றியே கிடக்கிறது. ஸ்பீக்கர்கள் சராசரியாக இழுப்பது சில நூறு வாட்தான், அதற்கு ஒன்றும் ஆகாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கும் புகை இயந்திரமும் அதிலேயே போனால் சுற்றிய கம்பி சூடேறும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள், ஒலிக்குத் தனிக் கம்பி இழுங்கள்.

அடித்தொனி | வெள்ளி மாலை 6.02

சப் எடுத்தால் ஆட்ட இடத்தின் ஓரமாக, பின்னால் சுவர் இருந்தால் அதை ஒட்டித் தரையில் வையுங்கள். சப்பின் துருவப் பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, ஆட்ட இடத்தின் நடுவில் பேஸ் எதில் அதிகமோ அதில் விடுங்கள்.

பழைய_மிக்ஸர் | வெள்ளி மாலை 6.45

சுவிட்சைக் கண்டுபிடித்தது நல்ல வேலை. நான் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 15 இஞ்ச் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

தனிவண்டி | சனி இரவு 9.10

கல்யாண_டீஜே, வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்த்தீர்களா? நாளை அங்கே போய்த் திணறாதீர்கள்.

கல்யாண_டீஜே | திங்கள் மதியம் 2.25

இரண்டு ஸ்பீக்கரிலும் மைக் பக்கம்தான் இருந்தது. மாற்றினேன், உடையவே இல்லை. ஸ்டாண்டும் சப்பும் வாடகைக்கு எடுத்தேன். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பேச்சு முழுக்கப் புரிந்தது என்று வந்து சொன்னார். எல்லோருக்கும் நன்றி, தூக்கம் வருகிறது.

அடித்தொனி | திங்கள் மதியம் 2.40

மகிழ்ச்சி. சப் எத்தனை இஞ்ச், எங்கே வைத்தீர்கள்? எந்த அலைவரிசையில் வெட்டினீர்கள்?

அடித்தொனி | வியாழன் காலை 7.12

கல்யாண_டீஜே, சப் விவரம் எழுதினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.