உராய்வுச் சோதனைக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். யாங்கோனில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லித் தருகிறோம். அடுத்த பாடம் விசையும் உராய்வும். சுருள்வில் தராசு கிடையாது. அதனால் பலகைமேல் மரக்கட்டையை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துகிறோம். கட்டை வழுக்கும் நேரத்தில் உயரத்தைத் தரையில் கிடையாக அளந்த அடிப்பக்க நீளத்தால் வகுத்தால் நிலை உராய்வுக் கெழு, அதாவது அசையாத கட்டையைப் பரப்பு எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று காட்டும் எண், வந்துவிடும். கட்டையின் எடை தேவையில்லை, அதுதான் இதில் அழகு.

வெறும் பலகை, கைலித் துணி, மணல்தாள் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒரே பரப்பிலேயே உயரம் முறைக்கு முறை மாறுகிறது. பலகையைத் தூக்கும் கை ஆடுவதாலா, மழைக்கால ஈரத்தாலா? இரண்டையும் பிரித்துக் காட்ட எளிய வழி உண்டா? அப்புறம், தனாக்கா (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) உரசும் கல்லை ஈரமாகவும் உலர்வாகவும் வைத்துச் செய்யலாமா? அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.