‘திரைத்தழுவல்’ போதுமா? மிகுபுனைவுப் படங்களுக்கு ஒரு சொல் வேண்டும்

கயல்:
குழுவினருக்கு வணக்கம். மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்கள் படமாவதைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதிப்பாசிரியர் கைக்குப் போயாக வேண்டும். இதுவரை எல்லா இடத்திலும் ‘திரைத்தழுவல்’ என்றே போட்டு வந்தேன். இப்போது ஒரு கட்டுரையில் சிக்கிக்கொண்டேன். அதன் ஆசிரியர் இரண்டு வகை பிரிக்கிறார். மூலத்தின் போக்கிலேயே போய், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளும் படம் ஒரு வகை. மூலத்திலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போகும் படம் இன்னொரு வகை. இரண்டையும் தழுவல் என்று எழுதினால் அவர் வாதமே விளங்காது. என்னிடம் உள்ள பழைய சொற்பட்டியல் ஒன்று ‘தகவமைப்பு’ என்கிறது. அது ஒட்டகத்தின் திமிலுக்கும் மீனின் செவுளுக்கும் வைத்த சொல். நாவலுக்கு ஆகாது. கைகொடுங்கள்.

புலவர்:
கயல் அம்மா, வெளியே எங்கும் தேட வேண்டாம். நன்னூல் பாயிரத்திலேயே இருக்கிறது. முதல், வழி, சார்பு என நூல் மூன்று. வழிநூலுக்குப் பவணந்தியார் சொல்லும் இலக்கணம்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

முன்னவன் நூலோடு முடிபு ஒத்திருக்க வேண்டும். அதே மூச்சில், பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்லவும் இடம் தந்துவிட்டார். சார்பு நூலைச் சொல்லும் அடுத்த நூற்பா ‘திரிபுவேறு உடையது புடைநூல் ஆகும்’ என்று முடிகிறது. ஆக, உங்கள் முதல் வகை வழிப்படம், இரண்டாவது புடைப்படம். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தீண்டாமல் குடிலோடும் நிலத்தோடும் பெயர்த்தெடுக்கிறான். இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லவே இல்லை. ஆனாலும் அது வழிநூல்தான். மூலத்தைக் கெடுத்தான் என்று கம்பனை யாரும் ஏசுவதில்லை.

வேங்கை:
ஐயா, வழிப்படம் என்றால் ஊருக்கு வழி காட்டும் வரைபடம் என்றுதான் நினைப்பார்கள். புடைப்படம் என்றால் யாரோ யாரையோ புடைக்கிற சண்டைப்படம். தழுவல் எல்லாருக்கும் புரிகிறது, அதை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் நூற்பாவையே அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன். டோல்கீன் எழுதிய லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவலின் படங்கள் 2001 முதல் 2003 வரை மூன்றாக வந்தன. நாவலின் முடிவில் நாயகர்களான ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் ஊர் திரும்பினால், ஊரையே சாருமான் என்ற கெட்ட மந்திரவாதி பாழாக்கி வைத்திருக்கிறான். போர் முடிந்து வந்தவர்கள் சொந்த மண்ணில் மறுபடி போரிட வேண்டியிருக்கிறது. படத்தில் ஊர் போனபோது இருந்தபடியே இருக்கிறது, அந்த அத்தியாயமே இல்லை. முடிபு ஒக்கவில்லை. அப்படியானால் உங்கள் கணக்கில் அது வழிப்படம் இல்லையே? எனக்கு அந்த வெட்டு வலித்தது. ஆனால் நாவலின் தொடக்கத்தில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை விட்டதில் வருத்தமே இல்லை. கதை அவனைத் தாண்டித்தான் வேகம் பிடிக்கிறது.

புலவர்:
தம்பி, ‘முடிபு’ வேறு, கதையின் ‘முடிவு’ வேறு. முடிபு என்பது முதல் நூலாசிரியன் துணிந்து நிறுத்திய பொருள். வாக்கியத்தில் பயனிலை கொண்டு முடிவதையும் முடிபு என்போம். இந்த நாவலின் முடிபு என்ன? கதையின் மையமான அந்த மந்திர மோதிரத்தை நல்லவன் நல்ல நோக்கத்தோடு கையாண்டாலும் கெடுவான் என்பது. அது படத்தில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

தழுவல் பற்றியும் ஒரு வார்த்தை. இலக்கணத்தில் ‘எச்ச உம்மை இறந்தது தழீஇயது’ என்கிறோம், அதாவது ‘உம்’ முன்பு சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறது. தழுவுதல் என்றால் ஒன்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது. சங்கப் பாட்டில் ‘தழூஉ’ என்பது கைகோத்து ஆடும் கூத்து. ஆடுகிறவர் இருவரும் சம நிலையில் இருக்கிறார்கள். முதலும் வழியும் சம நிலையில் இல்லை. ஒன்று முன், ஒன்று பின். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை.

வேங்கை:
முடிபு இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஃபாரமிர் என்ற வீரனைப் பாருங்கள். நாவலில் அவன் அந்த மோதிரம் வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறான். மோதிர ஆசையில் அண்ணன் விழுந்த குழியில் தம்பி விழவில்லை, அதுதான் அவன் பெருமை. படத்தில் மோதிரத்தோடு போகும் ஹாபிட்டுகள் ஃப்ரோடோவையும் சாமையும் பிடித்துக்கொண்டு ஒஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப் போகிறான், அப்புறம்தான் மனம் மாறி விடுகிறான். கதைக்கட்டில் அதற்குக் காரணம் இருக்கிறது. ராட்சதச் சிலந்தி ஷெலோப் வரும் பகுதியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் படத்தின் கடைசிப் பகுதியில் அந்த இருவருக்கும் ஒரு இடையூறு வேண்டியிருந்தது. மோதிரம் எல்லாரையும் இழுக்கும் என்று காட்டிவிட்டு, ஒருவன் மட்டும் எளிதாக விலகினால் அதன் வலிமை குறையும் என்றும் வாதிடலாம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாறியது நிகழ்ச்சி இல்லை, அந்த மனிதன். கம்பன் இராமனை அப்படி மாற்றவில்லை.

நிலா:
வேங்கை தம்பி சொல்வதை வகுப்பில் தினமும் கேட்கிறேன். ‘படத்தில் அது இல்லை, இது இல்லை’ என்று பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். எது போனால் கதையே போகும் என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள். நான் சொல்லும் எடுத்துக்காட்டு லெ குவின் எழுதிய எர்த்ஸீ. நாவலில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் அப்படியே. 2004 தொலைக்காட்சித் தொடரில் அவனை வெள்ளையனாக்கினார்கள். லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் எடுத்திருந்தாலும் அந்தத் தவறு தவறுதான்.

மறுபக்கம், டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ஹவுல் நாவல். 2004இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி அதைப் படமாக்கியபோது, நாவலில் ஓரமாகக் கிடந்த போரைப் படம் முழுக்கப் பரப்பினார். மந்திரவாதி ஹவுலின் கோட்டைக் கதவு திறக்கும் இடங்களில் ஒன்று நம் உலகத்து வேல்ஸ் நாடு, அவன் ஊரே அதுதான். படத்தில் அது அடியோடு இல்லை. ஆனாலும் எழுதியவருக்கே படம் பிடித்திருந்தது. அதைத் தழுவல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. புலவர் ஐயாவின் புடைப்படம் பொருளில் சரி, ஒலியில் இடறுகிறது. சார்புப்படம் என்றால் கணக்கு வகுப்பின் சார்பு நினைவுக்கு வரும், பிள்ளைகள் வரைபடத்தாள் எடுத்துவிடுவார்கள்.

இளவல்:
இடையில் ஒரு ஐயம். கயல் அக்கா ‘மிகுபுனைவு’ என்கிறார். இணையக் கலைக்களஞ்சியத்தில் ‘கனவுருப்புனைவு’ என்று பார்த்தேன். எது சரி?

நிலா:
கனவுரு வேண்டவே வேண்டாம். ஓஸ் மந்திரவாதி கதையை வைத்தே காட்டலாம். 1939 படம் டோரதி கண்டதெல்லாம் கனவு என்று முடிகிறது. 1900இல் வந்த புத்தகத்தில் அவள் உண்மையிலேயே போய் வருகிறாள். திரும்பி வரும்போது, சூறாவளி தூக்கிப்போன வீட்டுக்குப் பதிலாக ஹென்றி மாமா கட்டிய புது வீடு நிற்கிறது. அந்த ஒரு வீடு போதும், நடந்தது கனவு இல்லை என்பதற்கு. வெள்ளிக் காலணி படத்தில் மாணிக்கச் சிவப்பானது வண்ணப் படத்துக்காகச் செய்த மாற்றம், அதை நான் குறை சொல்லமாட்டேன். கனவாக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. கனவு என்ற சட்டகத்தில் மாட்டிய கதையை டோல்கீனும் இந்த வகையில் சேர்க்க மறுத்தார். கனவை வகையின் பெயரிலேயே வைத்தால் நடந்தது உண்மை என்கிற இந்தப் பக்கம் தோற்றுவிடும்.

புலவர்:
மாயப்புனைவு என்னலாம். மாயம் தமிழே. மாய்தல் என்றால் மறைதல். மாய் வேரில் அம் ஈறு சேர்ந்தது மாயம். மாயோன், மாமை, மை எல்லாம் கருமைப் பொருளில் ஒரு குடும்பம். இருளில் பொருள் மறையும், மறைந்தது வேறாகத் தோன்றும், அதிலிருந்து மாயம். இதை விரித்து மூன்று மடல் எழுதலாம்.

வேங்கை:
ஐயா, வடமொழி மாயாவையும் ஒருவர் கொண்டுவந்தால் இது முப்பது மடலாகும், அக்காவுக்குத் திங்கட்கிழமை வந்துவிடும். தூய்மை பார்த்தால் நீங்கள் காட்டிய நூற்பாவிலேயே ‘விகற்பம்’ வடசொல். பவணந்தியார் தயங்கவில்லையே. படிக்கிறவருக்குப் புரிவதுதான் முதலில்.

புலவர்:
அவர் காலத்தில் படிப்பவருக்கு அது புரிந்தது, போட்டார். நாம் இன்று ஒரு சொல்லைப் புழங்கவே விடாமல், புரியவில்லை என்று தள்ளுகிறோம். ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று தொல்காப்பியர் மொழிபெயர்ப்பையும் வழிநூலின் வகையாகத்தான் வைத்தார். அதே தடத்தில் ‘திரைபெயர்ப்பு’ என்றுகூடச் சொல்லலாம்.

இளவல்:
திரைப்பெயர்ப்பா, திரைபெயர்ப்பா? ப் மிகுமா?

புலவர்:
மொழியைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் மிகவில்லை. திரைக்குப் பெயர்ப்பது நான்காம் வேற்றுமை, ஆகவே மிக வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். நான் மிகாமல் எழுதுவேன். திரையில் பெயர்ப்பது என்று ஏழாம் வேற்றுமையாக விரித்தாலும்…

கயல்:
ஐயா, அக்கா, தம்பிகள் எல்லாருக்கும் நன்றி. தொகுப்பு முழுக்கப் பொதுச்சொல்லாகத் திரைத்தழுவல் இருக்கும். மூலத்தின் முடிபோடு நிற்பதற்கு வழிப்படம். முதலில் வரும் இடத்தில் நன்னூல் வரிகளோடு விளக்கிவிடுகிறேன், வரைபடம் என்று யாரும் மயங்கமாட்டார்கள். வகைக்கு மிகுபுனைவு. பொறியை மட்டும் எடுத்துக்கொள்ளும் படத்துக்கு ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை. ‘மூலத்தைத் தொட்டு எடுத்த படம்’ என்று விரித்தே எழுதப்போகிறேன். இன்னொரு கேள்வி மட்டும். ‘முடிவற்ற கதை’ என்ற நாவலின் முதல் பாதியோடு 1984 படம் நின்றுவிடுகிறது. நாவலை எழுதிய மிக்கேல் எண்டே அந்தப் படத்தை வெறுத்தார். எடுத்துக்கொண்ட பகுதிவரை மூலத்தை ஒட்டித்தான் போகிறது, ஆனால் கதையைப் படிக்கும் சிறுவன் பாஸ்டியன் அந்தக் கதை உலகத்துக்குள் போய்த் தன்னையே மறக்கிற மறுபாதி இல்லை. இது வழிப்படமா?

புலவர்:
இல்லை. முடிபு அந்த மறுபாதியில் இருக்கிறது.

வேங்கை:
அப்படியென்றால் ஃபாரமிர் விஷயத்திலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஐயா. லார்ட் ஆஃப் த ரிங்ஸை வழிப்படம் என்று அச்சிட்டால் என் மறுப்பையும் அடிக்குறிப்பில் போடுங்கள், கயல் அக்கா.