1806-இல் ஒஹாயோ போனவர் இண்டியானாவில் எப்படி? குவேக்கர் பதிவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

என் கணவரின் அம்மா வழியில் எல்லாரும் குவேக்கர்கள், போரை ஏற்காத ஒரு கிறிஸ்தவச் சபையினர். பென்சில்வேனியாவிலிருந்து ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு வழியாக வட கரோலினாவுக்கு இறங்கியவர்கள் என்பது வரை பிடித்துவிட்டேன். அங்கே நியூ கார்டன் மாதக் கூட்டப் (மாதம் ஒருமுறை கூடி நிர்வாகம் பார்க்கும் உள்ளூர்ச் சபை) பதிவில், 1806-இல் குடும்பத் தலைவருக்கு ஒஹாயோவின் மயாமி மாதக் கூட்டத்துக்கு இடமாற்றச் சான்றிதழ் கொடுத்ததாக ஒரே ஒரு வரி. மயாமிப் பக்கத்து நிலப்பதிவுகளைத் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். 1811-இல் அதே பெயர் இண்டியானாவில் ரிச்மண்ட் பக்கம் நிலம் வாங்கியிருக்கிறது. வேறு ஆளா? அப்புறம், இவருடைய அப்பா பிறந்தது பதிவில் 1740, 11-ஆம் மாதம்; இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தில் 1741 ஜனவரி. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு குழந்தையா?

பதில்: அந்தச் சான்றிதழ் நம்மூர்ப் பள்ளி டிசி மாதிரிதான், இருக்கிற கூட்டத்தின் பேருக்குத்தான் எழுத முடியும். மயாமிக் கூட்டம் 1803-இல் வேன்ஸ்வில்லில் தொடங்கியது. ரிச்மண்டில் வொயிட்வாட்டர் மாதக் கூட்டம் வந்ததே 1809-இல். அதனால் இண்டியானாவில் குடியேறப் போனவரும் மயாமிக்கு எழுதி வாங்கியிருக்கலாம். வொயிட்வாட்டர் பதிவைப் பாருங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள், மனைவி பிள்ளைகள் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடிமை முறை வேண்டாம் என்று கரோலினாவை விட்டுக் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிய காலம் அது, 1787 சட்டப்படி ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை.

இன்னொரு பதில்: தேதி விஷயம் ரொம்பச் சின்னது. 1752-க்கு முன் ஆங்கிலேயர் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25. மார்ச் முதல் மாதம் என்றால் 11-ஆவது ஜனவரிதானே? அந்த ஜனவரி அவர்கள் கணக்கில் இன்னும் 1740, நம் கணக்கில் 1741. வேற்றுத் தெய்வங்களின் பெயர் கலந்த மாதப் பெயர்கள் கூடாது என்று குவேக்கர்கள் எண்ணால்தான் எழுதுவார்கள். ஒரே குழந்தைதான், 1740/41 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: அடடா! வொயிட்வாட்டரில் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள், பெயரெல்லாம் சரி. ஆனால் அவர் பெயர் மட்டும் இல்லை.

முதல் பதில் எழுதியவர்: நீங்கள் பார்த்தது பெண்கள் கூட்டக் குறிப்பா? ஆண்களுக்குத் தனிப் புத்தகம் உண்டு. அதிலும் இல்லையென்றால் வரும் வழியில் மயாமியிலேயே சபையை விட்டு நீக்கியிருப்பார்களோ என்று பாருங்கள். அப்போதெல்லாம் ராணுவப் பயிற்சிக்குப் போனாலே நீக்கிவிடுவார்கள்.