கடைப் பெயரா, சரக்குப் பெயரா? டொமைன் வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செக்கடி:
ஒரு போன் கால் நாலு வருஷமாக மனசை விட்டுப் போகவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். 2018இல் டொமைன், அதாவது வெப்சைட்டுக்கான முகவரி, எடுக்கும்போது, ஜனங்கள் கூகுளில் எதை அடிக்கிறார்களோ அதுவே பெயராக இருக்கட்டும் என்று 'மரச்செக்கு', 'எண்ணெய்', 'ஆன்லைன்' மூன்றையும் ஒட்டி ஒரு டாட் இன் வாங்கினேன். ஆர்டர் வந்தது, குறையே இல்லை.

ஒரு நாள் காலையில் பெங்களூரிலிருந்து ஓர் அம்மா. "தம்பி, நல்லெண்ணெய் சிக்கு வாடை அடிக்குது. இட்லிப் பொடிக்குக் கூட ஊத்த முடியலை" என்றார். அவர் நம்பரில் எங்களிடம் ஆர்டரே இல்லை. டின்னை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் வேறு டின், வேறு லேபிள். கீழே இணைய முகவரி இருந்தது. அதே மூன்று சொற்கள், 'ஆன்லைன்' மட்டும் முன்னால் வந்திருந்தது. "அம்மா, இது நாங்க இல்லை" என்றேன். "பேரு ஒண்ணுதானே? சரக்கு கெட்டுப்போனா யாரும் இப்படிச் சொல்லிடலாமே" என்று வைத்துவிட்டார். ஒரு லிட்டர் நம் எண்ணெயை அனுப்பலாம் என்று திரும்ப இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவே இல்லை. நான் பொய் சொன்னதாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

தறிக்காரி:
அண்ணா, சொந்தப் பெயர் வைத்த என் கதையையும் கேளுங்கள். காஞ்சிபுரம் பட்டு, தாழம்பூ ரேக்கு போட்ட பார்டர் எங்களுக்குப் பேர் போனது. அதனால் கடைக்கு 'தாழை' என்று ஆசையாக வைத்தேன். இங்கிலீஷில் எழுதும்போது ழகரத்துக்கு இசட், எச் போட்டேன். படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தானே எழுதுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சென்னையில் ஒரு கண்காட்சி. ஒரு பாட்டி அரக்குச் சேலை ஒன்றை அரை மணி நேரம் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "இன்னும் கலர் இருக்கா?" என்றார். வெப்சைட்டில் இருக்கு பாட்டி என்று பெயரைச் சொன்னேன். பேத்தி இசட்டும் எச்சும் இல்லாமல் ஒற்றை 'எல்' போட்டு அடித்தாள், 'தாழை' அங்கே 'தலை' ஆகிவிட்டது. வந்தது தலைமுடி கொட்டுவதற்கு எண்ணெய் விளம்பரம். நான் எழுத்தைத் திருத்திச் சொல்வதற்குள் பக்கத்து ஸ்டாலில் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். பாட்டி சேலையை மடித்து அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மடிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குளிர்காற்று:
சரக்குப் பெயர் வைத்தால் சிக்கல் என்று செக்கடி சொல்வதை ஏற்க முடியவில்லை. எண்ணெயை ஒருவர் மாதாமாதம் வாங்குவார், பெயர் நினைவில் நிற்க வேண்டும். எங்கள் தொழில் அப்படி இல்லை. திருப்பூரில் ஏசி சர்வீஸ் செய்கிறேன், டொமைனும் அதுவேதான்: ஊர், ஏசி, சர்வீஸ். மே மாத ராத்திரி பதினொரு மணிக்குக் கைக்குழந்தையோடு புழுங்கிக்கொண்டிருப்பவர் அழகான பெயரைத் தேடமாட்டார். கம்பெனி பெயர் என்ன என்று இத்தனை வருஷத்தில் ஒரு கஸ்டமர் கூட என்னைக் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கோவையில் கிளை போட்டேன். பீளமேட்டில் ஒரு அபார்ட்மென்ட்டிலிருந்து போன். "நீங்க திருப்பூர்ல இருந்து வரணுமே, வேண்டாங்க" என்று வைத்துவிட்டார். என் பையன் அப்போது அடுத்த தெருவில் ஏணியோடு நிற்கிறான்! சரக்குப் பெயர் தப்பே இல்லை, அதில் ஊரைச் சேர்த்ததுதான் தப்பு.

பழைய வெப்மாஸ்டர்:
2012 செப்டம்பர் 28 எனக்கு மறக்காத தேதி. தேடற சொல்லையே டொமைனாக வைத்த தரக்குறைவான தளங்களைக் கீழே தள்ளப்போகிறோம், அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில் மாற்றம் தெரியும் என்று கூகுளின் மேட் கட்ஸ் ட்விட்டரில் எழுதினார். 0.6 தானே என்று விட்டுவிட்டேன். என் கஸ்டமர் ஒருவரின் அமெரிக்க வியாபாரம் முழுக்க அப்படி ஒரு ஐந்து பக்கத் தளத்தில்தான் ஓடியது. மூன்றாம் நாள் போன் செய்து, "சார், கடை எங்கே போச்சு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

குளிர்காற்று தம்பி, கேட்காமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூகுள் தண்டித்தது பெயரையல்ல, பெயரைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லாத பக்கங்களை. உங்கள் தளத்தில் விலை, வேலை செய்த போட்டோ, முகவரி எல்லாம் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பெயரே தூக்கி நிறுத்தும் என்ற காலம் போய்விட்டது.

பெயரை மாற்றுவதும் உலகம் அழிகிற விஷயம் இல்லை. ஃபுடீபே என்று இருந்ததுதான் 2010இல் சொமேட்டோ ஆனது. அட்வென்ட்நெட் 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அமேசானுக்கு பெசோஸ் முதலில் வைத்த பெயர் கடாப்ரா. போனில் கேட்ட வக்கீல் காதில் அது 'கடாவர்', அதாவது பிணம் என்று விழுந்ததாம். தங்கச்சி தறிக்காரிக்கு நடந்ததும் அதே காதுப் பிரச்சினைதான். மாற்றும்போது பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய தளத்தில் அதற்கு இணையான பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்யுங்கள் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடுவது), எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருஷமாவது இருக்கட்டும் என்று கூகுளே சொல்கிறது. என்னைக் கேட்டால் பழைய டொமைனை விடவே கூடாது. வருஷம் ஆயிரம் ரூபாய்ச் செலவை மிச்சம் பிடிக்கப் போய், அதை வேறொருவர் எடுத்துச் சூதாட்டத் தளம் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், டொமைன் உங்கள் சொந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், டிசைனர் ஈமெயிலில் இருக்கக் கூடாது.

வாடகை வண்டி:
அண்ணா நீளமாகச் சொன்னார், டிரேட்மார்க்கை விட்டுவிட்டார். நான் மாட்டியது அங்கேதான். 'மதுரை', 'கார்', 'வாடகை' சேர்ந்த பெயர் என்னுடையது. பதிவுக்கு விண்ணப்பித்தேன். 1999 டிரேட்மார்க் சட்டம் 9ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபம் வந்தது. வீடியோ ஹியரிங்கில் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்: "மதுரையில கார் வாடகைக்கு விடுற எல்லாரும் போர்டுல இதைத்தானே எழுதுவாங்க? அவங்களை எழுதக் கூடாதுன்னு சொல்லலாமா?" என் வக்கீல் என்னைப் பார்த்தார், நான் மைக்கை மியூட் செய்துவிட்டேன்.

ஹோட்டல் அறை பதிவு செய்யும் புக்கிங் டாட் காம் தன் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யும் வழக்கில் 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததே என்று எதிர்க்கேள்வி வரும். எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்று ஜெயித்தது உண்மை. அந்தப் பெயரைக் கேட்டால் மக்கள் ஒரே ஒரு கம்பெனியைத்தான் நினைக்கிறார்கள் என்று அவர்களால் காட்ட முடிந்தது. என் பெயரைக் கேட்டால் ஊரில் இருக்கிற டிராவல்ஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இணையச் சேவை நிறுவனமான சிஃபி போட்ட வழக்கில் 2004இல் நம் உச்ச நீதிமன்றம் டொமைனுக்கும் வணிகப் பெயர் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் 'சிஃபி' என்பது அவர்களே உருவாக்கிய சொல். செக்கடி அண்ணாவின் மூன்று சொல்லை இன்னொருவர் திருப்பிப் போட்டால் எந்தக் கோர்ட்டிலும் தடுப்பது கஷ்டம்.

குளிர்காற்று:
ஏசி ரிப்பேருக்கு எதற்குங்க டிரேட்மார்க்? வேலை சுத்தமாக இருந்தால் போதும்.

வாடகை வண்டி:
அதே பெயரில் ஒருவன் ஏசியில் பழைய வாயுவை அடைத்துவிட்டுக் காசு வாங்கிப் போன பிறகு கேளுங்கள்.

செக்கடி:
எல்லாருக்கும் நன்றி. போன மாதமே ஆத்தா பேரைச் சுருக்கி ஒரு சொல் யோசித்து வைத்திருந்தேன். தங்கச்சி எழுதியதைப் படித்ததும் வாங்காமல் நிறுத்தினேன். இன்று காலை அத்தைக்கும், பெங்களூரில் இருக்கிற மச்சானுக்கும், கடையில் பில் போடுகிற பெண்ணுக்கும் போன் செய்து பெயரை வாயால் மட்டும் சொல்லி, இங்கிலீஷில் அடித்து அனுப்பச் சொன்னேன். மூன்று பேரும் மூன்று விதமாக அனுப்பியிருக்கிறார்கள். அத்தை எழுதியதுதான் சின்னதாக இருக்கிறது, அதை முகவரியாக வைக்கப்போகிறேன். மற்ற இரண்டையும் சேர்த்தே வாங்குகிறேன்.