சம்பளம் டாலரில், வீடு யூரோவில்: வீட்டுக்கடன் கிடைக்குமா?

அலைகடல்:
நிரந்தர வேலை, மாதம் 6,000 டாலர் சம்பளம். வாங்க நினைக்கும் வீடு ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில், விலை 3 லட்சம் யூரோ. அங்கே வசிப்புரிமை கிடையாது. கார் கடனுக்கு மாதம் 400 டாலர் போகிறது. இரண்டு வங்கிகள் 'வெளிநாட்டு வருமானம் எடுப்பதில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. சம்பளம் போதவில்லையா, வேறு காரணமா? கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

வட்டிக்கணக்கு:
சம்பளம் காரணமாக இருக்காது. ஒன்றியத்தின் 2014 வீட்டுக்கடன் சட்டப்படி, சம்பளம் வரும் நாணயம் வேறு, கடன் நாணயம் வேறு என்றாலே அது அந்நிய நாணயக் கடன். யூரோவில் வாங்கினாலும் உங்களுக்கு அப்படித்தான். நாணய மாற்று விகிதத்தால் கடன் மீதியோ தவணையோ 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வங்கி எச்சரிக்க வேண்டும். கடனை வேறு நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையோ அதற்கு ஈடான பாதுகாப்போ தர வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாமென்றே பல வங்கிகள் ஒதுங்கிவிடுகின்றன. வட்டியை விசாரிக்கும் முன், டாலர் சம்பளத்தை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஏற்கும் வங்கியும் சம்பளத்தை முழுசாக எடுக்காது. 20 சதவீதம் கழிப்பதாக வைத்துக்கொள்வோம்: 4,800. அதில் 35 சதவீதம் தவணைக்கு என்றால் 1,680. கார் கடன் போக 1,280. 20 வருடம், 4 சதவீத வட்டிக்குச் சுமார் 2,11,000 டாலர் கடன். கழிவே இல்லாவிட்டால் 2,80,000. சம்பளத்தில் 20 சதவீதம் கழித்தால் கடன் 25 சதவீதம் குறைகிறது, ஏனென்றால் கார் தவணைக்கு அந்தக் கழிவு கிடையாது, 400 டாலரும் முழுசாகவே போகிறது. அதை அடைத்துவிட்டு விண்ணப்பித்தால் 2,77,000 வரை போகலாம்.

பத்திரக்கட்டு:
கைப்பணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. அங்கே வசிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதம்தான் கடன், அதுவும் விலை, வங்கியின் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல். மதிப்பீடு 2,70,000 என்று வந்தால் 70 சதவீதம் 1,89,000. மீதி 1,11,000 உங்கள் பொறுப்பு. வரி, நோட்டரி, பதிவுக்கு 10 சதவீதம் வைத்தால் இன்னொரு 30,000. ஆக 1,41,000 யூரோ.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். விண்ணப்பத்துக்கு முன் திடீரென்று பெருந்தொகை கணக்கில் விழுந்தால் கேள்வி நிச்சயம். அப்பா அம்மா கொடுத்தது என்றால் கொடை என்று கடிதமும் அவர்கள் வங்கிக் கணக்கு விவரமும் தயாராக இருக்கட்டும்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று முத்திரை) வாங்கிய பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அந்த அப்போஸ்டிலையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். வரிசை மாறினால் இரண்டாம் முறை செலவு.

அலைகடல்:
நன்றி. டாலரிலேயே கடன் தரும் வங்கி கிடைத்தால்?

வட்டிக்கணக்கு:
சம்பளம் டாலரில் வரும்வரை தவணை ஆடாது. ஆனால் வீடு யூரோவில்தானே. யூரோ சரிந்த நேரத்தில் விற்றால் கடனை அடைக்கப் போதாமல் போகலாம். நாளைக்கு ஐரோப்பாவிலேயே வேலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். போலந்தில் ஸ்லோட்டி சம்பளத்தை வைத்துக்கொண்டு, வட்டி குறைவென்று சுவிஸ் பிராங்கில் கடன் வாங்கியவர்கள் பட்டது அதுதான்: 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மைய வங்கி யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற வரம்பைக் கைவிட்டதும் பிராங்கின் மதிப்பு ஏறி, ஸ்லோட்டிக் கணக்கில் கடன் மீதி ஒரே நாளில் எகிறியது. பத்து வருடம் சம்பளம் டாலரில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் டாலர், இல்லையென்றால் யூரோ.

பத்திரக்கட்டு:
ஒன்று விட்டுப்போயிற்று. கடன் ஒப்புதல் வரும் முன் அட்வான்ஸ் கொடுக்க நேர்ந்தால், 'கடன் கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். தரகர் வாய்வார்த்தையாகச் சொல்வது செல்லாது.