புதுப்பிப்பு: ட்ரைட்டன் டோன் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துருச்சு

கோர்க் ட்ரைட்டன் கீபோர்டுல இருந்து டோன்களை (வாத்தியச் சத்தங்களை) லேப்டாப்புக்கு எடுக்கறப்ப டம்ப் (டேட்டாவை மொத்தமா அனுப்புறது) பாதியிலயே நின்னுபோகுதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, கோளாறு கீபோர்டுல இல்லைங்க, விலை கம்மின்னு வாங்குன யூஎஸ்பி மிடி கேபிள்லதான் (கீபோர்டை லேப்டாப்போட இணைக்குற வயர்), நோட்டு வாசிச்சா ஒழுங்கா போகுது பெரிய டம்ப்னா நடுவுல டேட்டாவை விட்டுருது அதான் சந்தேகமே வரல. காரைக்குடி ஆர்க்கெஸ்ட்ரா அண்ணன் ஒருத்தர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (வாத்தியத்தை கம்ப்யூட்டரோட இணைக்குற பெட்டி) குடுத்தாரு, அதுல மிடி வயரை சொருகுனதும் முழுசா வந்துருச்சு. பொறுமை வேணும், மிடி வேகம் செகண்டுக்கு 31,250 பிட்டுதான், 1 எம்பிக்கே அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆகும்.

டோன்களை ப்ளாப்பிலயும் பிசிஜி ஃபைலா (ட்ரைட்டன்ல டோன்களை சேவ் பண்ற ஃபைல்) சேவ் பண்ணி யூஎஸ்பி ப்ளாப்பி டிரைவ்ல காப்பி எடுத்தேன். பாட்டை தனியா எஸ்என்ஜி ஃபைலா சேவ் பண்ணுங்க, கீபோர்டை ஆஃப் பண்ணிட்டா சீக்வென்சர்ல (வாசிச்சதை பதிஞ்சு வைக்குற பகுதி) எதுவும் நிக்காது. லேபிள்ல மை மங்கி ‘கொப்புடையம்மன் திருவிழா’ன்னு இருந்த ப்ளாப்பி கூட ஓப்பன் ஆச்சு, அந்த நாயன டோனைக் கேட்டு கண்ணு கலங்கிருச்சு.