டிவி கேம்ல படமே வரலை (திருத்தம்: படம் வந்துடுச்சு, இப்ப கார் லேட்டா திரும்புது) - உதவி

அம்மாபேட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டைல இருந்து எழுதறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப பரண்ல இருந்து என் பழைய டிவி கேம் இறங்குச்சு. கேசட் மேல 9999 இன் 1னு போட்டிருக்கும், உள்ள போனா அதே பத்து கேம் பேர மாத்தி மாத்தி வருமே, அந்த ரகம். "ரோடு ஃபைட்டர் கார் கேம்ல அப்பாவ அடிச்சிக்க தெருவுலயே ஆள் இல்லை"ன்னு பையன்கிட்ட அளந்து விட்டுட்டேன். ஒம்பது வயசு. இப்ப காட்டச் சொல்றான்.

ஹால்ல இருக்கறது 43 இன்ச் எல்இடி. ஏவி ஒயர் சொருகற மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை எதுவுமே இல்லை, ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒண்ணு மட்டும் இருக்கு. அதுக்குன்னு ஒரு கேபிள் வாங்கி மாட்டினேன். திரை கறுப்பு. "ர்ர்ர்"ன்னு ஒரு இரைச்சல் மட்டும் வருது. கேம் பொட்டி செத்துப்போச்சா?

டப்பா டிவி:
சாகலைங்கண்ணா. அந்த ர்ர்ர் சத்தம்தான் உங்க படம்!

அந்தச் சின்ன பின்ல நாலு வளையம் இருக்கும். எந்த வளையத்துல வீடியோ, எதுல ஆடியோன்னு கேபிளுக்கு கேபிள் மாத்தி வச்சிருப்பாங்க. உங்க கேஸ்ல வீடியோ சிக்னல் ஸ்பீக்கருக்குப் போகுது. பொட்டில இருந்து வர்ற மஞ்சள் பின்னை கேபிளோட சிவப்புல சொருகிப் பாருங்க. வரலைன்னா வெள்ளைல. கலர் பொருந்தணும்னு பார்க்காதீங்க.

கேசட்டை வாயால ஊதாதீங்க. நாம எல்லாரும் ஊதினோம்தான், ஆனா எச்சில் ஈரம் பட்டு அந்த உலோகப் பல்லு கறுத்துடும். காது குடையற பஞ்சுல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க.

அம்மாபேட்டைக்காரன்:
தெய்வமே! சிவப்புல சொருகினதும் வந்துடுச்சு. பஞ்சு கறுப்பா வந்துச்சு, இருபது வருஷ ஊதல்.

ஆனா மானம் போச்சு. இடது அமுக்கினா கார் ஒரு யோசனை பண்ணிட்டுத்தான் திரும்புது. அதுக்குள்ள முன்னாடி போற லாரில மோதி வெடிச்சிடுது. பையன் "வயசாயிடுச்சுப்பா"ங்கறான். கேம் ரிமோட்டைக் கழட்டிக் கழுவினேன், அப்படியேதான் இருக்கு. நிஜமாவே எனக்குத்தான் கை தளர்ந்துடுச்சோன்னு சந்தேகம்.

சூரமங்கலம் சர்க்யூட்:
கை மேல பழி போடாதீங்க, டிவிதான் காரணம்.

பிக்சர் டியூப் வச்ச பழைய குழாய் டிவி சிக்னல் வர வர கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே போகும், எதையும் சேத்து வைக்காது. எல்இடி அப்படியில்லை. முழுப் படத்தையும் மெமரில வாங்கி, பெருசாக்கி, மெருகு போட்டு, அப்புறம்தான் காட்டும். இந்தப் பொட்டிங்க அனுப்பறது பாதி எண்ணிக்கை கோடுதான். புது டிவி அதை இன்டர்லேஸ் (ஒத்தைக் கோடு ஒரு தடவை, ரெட்டைக் கோடு அடுத்த தடவைன்னு வர்ற) சிக்னல்னு தப்பா எடுத்துக்கிட்டு, ரெண்டு படத்தைச் சேத்து ஒண்ணாக்கப் பார்க்கும். அதுல இன்னும் தாமதம்.

நம்மூரு பொட்டி நொடிக்கு 50 படம் அனுப்பும், ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்ட். டிவி நூறு மில்லி செகண்ட் எடுத்துக்கிட்டா நீங்க பார்க்கறது அஞ்சு படத்துக்கு முந்தின ரோடு. ரோடு ஃபைட்டர்ல ஸ்பீடு மீட்டர் மணிக்கு 400 கிலோமீட்டர் காட்டும். நிஜக் காரா இருந்தா அந்த நேரத்துல 11 மீட்டர் தாண்டியிருக்கும். கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளம்.

செட்டிங்ஸ்ல பிக்சர் மோடு, அங்க கேம் மோடு போடுங்க. மெருகு வேலை பாதி நின்னுடும். ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கற சின்ன டப்பா வாங்கிடாதீங்க, மலிவு டப்பா அதும் பங்குக்குத் தாமதம் சேக்கும்.

பதினாலாவது வளைவு:
குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும், நான் ஏற்காட்டுக்காரன். தினம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கறவன். ரோடு ஃபைட்டரை எப்படிங்க ரேஸ்ங்கறீங்க? அதுல ரோடு லேசா நெளியுது, அவ்வளவுதான். அவுட்ரன்னு ஒரு கார் கேம் இருக்கு, அதை ஆடுங்க.

சூரமங்கலம் சர்க்யூட்:
அவுட்ரன் எனக்கும் உசுரு. ஆனா வளைவுன்னு வாயத் தொறந்ததால சொல்றேன், அதுல வளைவே பொய்தான் நண்பா. 1982ல நாம்கோவோட போல் பொசிஷனும் 86ல சேகாவோட அவுட்ரனும் ரோட்டைக் கிடைக்கோடு கிடைக்கோடா வரையும். தூரத்துக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் தள்ளினா கண்ணுக்கு வளைவு. கார் திரும்பறதே இல்லை, அதை வெளிப்பக்கம் தள்ளி விடுவாங்க, நீங்க பிடிச்சு நிறுத்தணும். ஏற்காடு வளைவு அதுல வரவே வராது. ஏன்னா உங்க ரோடு போன வழியே திரும்பி வரும், ஒரே கிடைக்கோட்டுல ரோடு ரெண்டு தடவை வரணும்.

சூப்பர் மாரியோ கார்ட் (1992) தரையையே சுத்திக் காட்டிச்சு, ஆனா அது தட்டை, மேடு கிடையாது. நிஜமான ஏத்தமும் திருப்பமும் சேந்து வேணும்னா முப்பரிமாணப் பலகோணம், அதாவது ரோட்டையும் காரையும் பல பக்கத் துண்டு துண்டா சேத்து வரையற முறை, வரணும். அட்டாரியோட ஹார்டு டிரைவின் 1989, சேகாவோட வெர்ச்சுவா ரேசிங் 92.

பதினாலாவது வளைவு:
அடேயப்பா. முப்பது வருஷமா ஏமாந்திருக்கேன்! இருந்தாலும் அவுட்ரன்ல வலமா இடமான்னு ரோடு பிரியற இடத்துல வர்ற சந்தோஷம் பொய் இல்லைங்க.

மச்சி2000:
எதுக்கு இவ்ளோ பாடு? போன்ல ஹொரைசன் சேஸ் போட்டு விடுங்க, அதே பழைய ஸ்டைல், கலர் அள்ளும்.

டப்பா டிவி:
தம்பி, நல்ல கேம்தான், நானும் ஆடறேன். ஆனா அண்ணன் பரண்ல இருந்து இறக்கினது அது இல்லையே. அண்ணா, கேம் மோடு என்னாச்சு?

அம்மாபேட்டைக்காரன்:
கேம் மோடு எழுத்து மங்கலா இருக்கு, தொட விடலை. எச்டிஎம்ஐக்கு மட்டும்தான் போல.

டப்பா டிவி:
பல மாடல்ல அப்படித்தான். அப்ப ஒரே வழி, சொந்தக்காரங்க வீட்ல குழாய் டிவி தேடுங்க. பழைய சாமான் கடைல எடை போட்டுத் தர்றதுக்கு முன்னாடி பிடிச்சிடணும். பின்பக்க மூடியை மட்டும் கழட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், தூக்கி அடிச்சிடும்.

அம்மாபேட்டைக்காரன்:
லேட்டுக்கு மன்னிக்கணும். கொண்டலாம்பட்டில மாமா வீட்டுத் தறிக்கூடத்துல 14 இன்ச் டிவி ஒண்ணு, மேல பாவு நூல் கட்டை அடுக்கி வச்சிருந்தாங்க. டிவிஎஸ் எக்ஸெல் முன்னாடி நிறுத்தி, தட்டுவடை செட் வாங்கக்கூட இறங்காம வீடு வந்தேன். ஏவி ஓட்டை கிடையாது, ஆன்டெனா ஓட்டைல பொட்டியோட ஆர்எஃப் ஒயரைச் சொருகி ஆட்டோ சர்ச் போட்டேன். மண்ணா கொட்டுச்சு, மண்ணா கொட்டுச்சு, அப்புறம் டக்குனு அந்தச் சிவப்புக் கார்.

இடதுன்னு நினைக்கறப்பவே இடது போயிடுச்சுங்க. ஒரு மஞ்சக் கார் பக்கவாட்டுல இடிச்சுது, கார் ஆடுச்சு, என்னையறியாம விரல் ஒரு தட்டு தட்டுச்சு, நேராயிடுச்சு. அந்தத் தட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குன்னு எனக்கே தெரியாது. மோதாம கொஞ்ச நேரம் ஓட்டினதும் ஓரத்துல அந்த சூப்பர்மேன் பறந்து போனாரு.

சூரமங்கலம் சர்க்யூட்:
அது சூப்பர்மேன் இல்லைங்க, கோனாமி மேன். ரோடு ஃபைட்டரைப் பண்ண கோனாமி கம்பெனி அவங்க ஆளையே பறக்க விட்டது.

அம்மாபேட்டைக்காரன்:
எங்க தெருவுக்கு அவரு சூப்பர்மேன்தான், மாத்த முடியாது.

பையன் ரெண்டு நாளா விடலை. நேத்து முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியறப்ப பெட்ரோல் தீந்து கார் நின்னுச்சு, ரிமோட்டை வீசிட்டுப் போய் அரைமணி நேரம் சோறு திங்கலை. இன்னைக்கு என் ஸ்கோரைத் தாண்டிட்டான். வீசினதுல இடது பட்டன் அமுங்க மாட்டேங்குது. அதுக்குத் தனி இழை போடறேன், யாரும் தூங்கிடாதீங்க.